பேரேட்டிலிருந்து வெளிவராத பெயர்கள்: மலையகத் தோட்டக் கணக்கும் குடியுரிமையும்

கணினித் திரையில் இயங்கும் பகுப்பாய்வுக் கருவியொன்றில் சேர்ந்த தரவுகளை, எவரும் திறந்து வாசிக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவங்களுக்கு மாற்றியெடுத்தல் இன்று சில நொடிகளில் முடியும் செயல். ஆயின், ஓரிடத்திற் பதிவான தரவு எவ்வடிவில், எவர் கைக்கு வெளிவருகின்றது என்பது தொழினுட்ப வினா மட்டுமன்று. வர்க்க உறவு பற்றிய வினாவுமாகும். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்குச் சான்று.

தோட்டத்தின் மையப் பதிவேடு 'செக்றோல்'. காலைப் பிரட்டில் நின்றவர் எவர், பறித்த கொழுந்து எத்தனை இறாத்தல் என்பவை நாள்தோறும் கணக்கேறின. ஒருநாட் கூலியைத் தொழிலாளர் 'பேர்' என்றே வழங்கினர். குறித்த நிறை பறிக்காதவளுக்கு 'அரைப்பேர்'. மனிதரின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட இச்சொல்வழக்கு தனி ஆய்வுக்குரியது.

தோட்டக் கணக்குகள் மூலதனத்துக்கு வேண்டிய வடிவங்களில் இலகுவாக வெளியேறின. கொழும்பு முகவர் நிறுவனங்களுக்கு அவை உற்பத்திச் செலவாகச் சென்றன. 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, 'துண்டு' எனப்பட்ட சீட்டாகவும் வெளியேறின. கங்காணியும் அவனது ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. தொழிலாளியோடு தோட்டம்விட்டுத் தோட்டம் பயணம் செய்தது அவனது உழைப்பின் கணக்கன்று, கடனின் கணக்கே.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் தொழிலாளியிடமே சான்று கேட்டது. 1946 சனவரி 1க்கு முன்னர் இடையறாது 7 ஆண்டுகள், மணமாகாதோராயின் 10 ஆண்டுகள், இலங்கையில் வாழ்ந்தமையைக் காட்ட வேண்டும். அவ்வாழ்வின் நாளாந்தப் பதிவோ தோட்ட அலுவலகத்தின் உடைமை. அன்றியும், செக்றோல் கூலி கணக்கிட வகுத்த ஏடு. வதிவை மெய்ப்பிக்க வகுத்ததன்று. வேலைக்கு வராத நாள் அதில் வெற்றிடம். பேறுகாலமா, நோயா, ஊர்ப்பயணமா என்பதை அவ்வெற்றிடம் கூறாது.

1951 ஆகஸ்ட் 5ஆம் திகதிவரை ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கின. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர். ஆறில் ஒரு பங்கினர். இதற்கான முழுப் பழியையும் ஏட்டின்மீது சுமத்துதல் பொருந்தாது. வாக்குரிமை பெற்ற தொழிலாளரைக் கண்டு ஆளும் வர்க்கம் கொண்ட அச்சமே அடிப்படை. எனினும் அவ்வச்சம் சட்டத்தின் முகத்தோடு செயற்பட உதவியது ஆவணக் கோரிக்கையே.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியபோது, அளவுகோலாகக் கொண்டதும் அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி முதலான வதிவையே.