வெண்ணெய் விற்றுக் கப்பல் ஏறியவர்கள்

வெளிநாடு போகப் பெட்டி கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஊறுகாய் பாட்டிலை உள்ளே வைப்பதா, வெளியே எடுப்பதா என்று வீடே ரெண்டுபடும். சரி, திரும்பியே வரப்போவதில்லை என்றால் எதை எடுத்துப் போவீர்கள்?

1620-ல் ஹாலந்தின் லைடன் நகரில் ஒரு கூட்டம் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து அரசரின் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் ஓடிவந்த இங்கிலீஷ்காரர்கள். 1609 முதல் அங்கே வாசம். அமெரிக்கா போய்விடலாம் என்று பேச ஆரம்பித்து மூன்று வருடம் ஓடிவிட்டது. கையில் காசில்லை. லண்டன் வியாபாரிகள் சிலர் பணம் போட முன்வந்தார்கள். சும்மாவா? அங்கே உழைத்து லாபமாகத் திருப்பித் தரவேண்டும்.

லைடன்காரர்களுக்கு 'ஸ்பீட்வெல்'. லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு 'மேஃப்ளவர்'. சவுத்தாம்ப்டனில் ரெண்டு கப்பலும் சேர்ந்தன. அங்கேதான் வெடித்தது வில்லங்கம். ஒப்பந்தத்தின் ஷரத்துகளை மாற்றச் சொன்னார் வியாபாரிகளின் ஆள். இவர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இனி ஒரு காசு பெயராது என்று அவர் கிளம்பிவிட்டார். துறைமுகத்தை விட்டு நகரவே சுமார் நூறு பவுண்டு வேண்டுமே, எங்கே போவது?

மூட்டையைப் பிரித்தார்கள். வெண்ணெய் அளவுக்கு மீறி வாங்கிவிட்டது தெரிந்தது. அறுபது, எண்பது பீப்பாய்! விற்றார்கள். கிளம்பினார்கள்.

கொஞ்ச தூரம்தான். ஸ்பீட்வெல் ஒழுக ஆரம்பித்தது. டார்ட்மவுத்துக்குத் திரும்பி ஓட்டை அடைத்தார்கள். அங்கிருந்து ராபர்ட் குஷ்மன் என்கிற பொறுப்பாளர் ஒரு கடிதம் எழுதினார். கப்பலில் ஒரு பலகையை விரலாலேயே பிய்த்துவிடலாமாம். இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் பாதிச் சாப்பாடு காலியாகிவிடுமாம். மனுஷர் பாவம், உடம்பும் சரியில்லை. மறுபடி புறப்பாடு, நடுக்கடலில் மறுபடி ஒழுகல். இம்முறை பிளிமவுத். போதும்டா சாமி என்று ஸ்பீட்வெல்லைக் கழற்றிவிட்டார்கள். குஷ்மனோடு இன்னும் சிலர் பின்தங்கினார்கள். மிச்சப் பேர் மேஃப்ளவரில் நெருக்கியடித்து ஏறினார்கள். மொத்தம் 102 பயணிகள். தேதி செப்டம்பர் 16. நல்ல வெயில் காலம் முழுக்கத் துறைமுகத்திலேயே தீர்ந்துபோயிருந்தது.

மூட்டைக்குள் என்ன இருந்தது? வில்லியம் முல்லின்ஸ் என்பவர் 126 ஜோடி ஷூ, 13 ஜோடி பூட்ஸ் கொண்டுபோனார். ரெண்டு நாய்கள் போயின. ஒரு பசு போகவில்லை. கடல் நிறைய மீன் கிடக்கிற ஊருக்குப் போனவர்களிடம் சின்னத் தூண்டில் முள் இல்லை! இரும்பால் ஒரு பெரிய திருகு இருந்தது. நடுக்கடலில் கப்பலின் நடு உத்தரம் விரிசல் விட்டபோது அதை முட்டுக்கொடுத்து நிமிர்த்தியது அந்தத் திருகுதான். அதை யார் எதற்காக எடுத்துவந்தாரோ, அவர் வாழ்க!

கேப் காட் கண்ணில் பட்டது நவம்பர் 19. கொட்டும் குளிர். வசந்தம் வருவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். முல்லின்ஸும் போய்விட்டார். அவர் ஷூக்களைப் பற்றி நமக்குத் தெரிவதே அவருடைய உயிலிலிருந்துதான்.

வில்லியம் பிராட்ஃபோர்டும் மனைவி டோரத்தியும் விட்டுவிட்டு வந்தது பொருளை அல்ல. மூன்று வயது மகன் ஜானை. பயணம் தாங்கமாட்டான் என்று நினைத்திருக்கலாம். கப்பல் கரையோரம் நின்றபோது, டிசம்பரில், டோரத்தி தண்ணீரில் விழுந்து இறந்தாள். கணவர் இடம் தேடிப் படகில் போயிருந்தார். ஜான் சில வருடம் கழித்து அப்பாவிடம் வந்து சேர்ந்தான். அப்போது வீட்டில் சித்தி இருந்தாள்.