ஸ்கிப் என்னும் பெயரும் சான்ட்ரா ஷ்மர்லரும்

கர்லிங் விளையாட்டின் பதிவேடுகளில் ஓர் அணி அதன் ஸ்கிப்பின் பெயராலேயே வழங்கும். களத்தில் நால்வர் ஆடுவர். ஏட்டில் நிற்பது ஒரு பெயர். ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது முதலாசிரியர் பெயரை மட்டும் எழுதி ஏனையோரை ‘மற்றும் பிறர்’ என்று முடித்துவிடும் நம் வழக்கம் நினைவுக்கு வரும். இந்த வழக்கம் எதை மறைக்கிறது என்பதற்குக் கனடாவின் சான்ட்ரா ஷ்மர்லரின் (1963–2000) ஆட்ட வாழ்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

விளையாட்டை அறியாதோர்க்குச் சில சொற்கள். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தில், 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கருங்கல்லை மெல்லச் சுழற்றிச் செலுத்துவர். மறுமுனையில் வரைந்துள்ள வட்டங்களின் நடுப்புள்ளிக்கு அருகில் எவர் கல் நிற்கிறதோ அவருக்கே புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு இரண்டு கற்கள். கல் போகும் வழியில் இருவர் துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பர். தேய்த்தால் கல் நெடுந்தொலைவு செல்லும், வளைவும் குறையும். நம்மவர் பலருக்கு இந்தத் துடைப்பம் நகைப்புக்குரிய காட்சி. ஆனால் செலுத்திய பின்னும் கல்லின் போக்கை மாற்ற முடிவதே இவ்விளையாட்டின் நுட்பம்.

ஸ்கிப் மறுமுனையில் நின்று பனியைப் படிப்பவர். எங்கே குறிவைக்க வேண்டும் என்பதைத் துடைப்பத்தை நிறுத்திக் காட்டுவார். தேய்ப்போர்க்குக் குரல் கொடுப்பார். கப்பல் தலைவனைக் குறிக்கும் ‘ஸ்கிப்பர்’ என்பதன் குறுக்கமே இச்சொல். பழந்தமிழின் மீகாமன் இதற்கு நன்றாகவே பொருந்துவான். தொலைக்காட்சியில் கேட்பவருக்கு ஸ்கிப்பின் ஏவல் மட்டுமே காதில் விழும். ஆனால் கல்லின் வேகம் எவ்வளவு, அது எங்கே போய் நிற்கும் என்பதைத் தேய்ப்போர் இடைவிடாமல் அவருக்கு அறிவித்துக்கொண்டே வருவர். அந்த விடை இல்லாமல் ஏவலும் இல்லை. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு: சுற்றின் கடைசி இரு கற்களை ஸ்கிப்பே செலுத்தும்போது, மறுமுனையில் அவரிடத்தில் நின்று துடைப்பம் பிடிப்பவர் அணியின் மூன்றாம் ஆட்டக்காரர். ஆட்டத்தின் முடிவு தீர்மானமாகும் கணத்தில் தலைவரின் கண் வேறொருவரிடம் இருக்கிறது.

ஷ்மர்லருக்கு அந்தக் கண் ஜான் பெட்கர். சஸ்காட்சுவான் மாகாணத்தின் பிக்கர் என்னும் சிற்றூரில் பிறந்து, உடற்கல்வி பயின்று, ரெஜைனா நகரின் பொழுதுபோக்கு மையமொன்றில் பணியாற்றியவர் ஷ்மர்லர். அதுவரை வேறொருவர் தலைமையில் ஆடிவந்த அவர், 1990-ஐ ஒட்டிப் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட் ஆகியோருடன் தம் அணியை அமைத்தார். 1993, 1994, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கனடாவின் தேசியப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் இவர்கள் வென்றனர். மூன்று முறையும் அதே நால்வர். முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லாத காலம் அது. வேலை, குடும்பம், மகப்பேறு ஆகியவற்றுக்கு இடையேதான் பயிற்சி.

1997 நவம்பர் இறுதியில் பிராண்டன் நகரில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நடந்தது. ஷ்மர்லர் தம் முதல் குழந்தையைப் பெற்று மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. இறுதியாட்டத்தில் எதிரணித் தலைவர் ஷானன் கிளைபிரிங்க். ஏழாம் சுற்றில் கிளைபிரிங்கின் கல் நடுவே நின்றது. அதை நேராகச் சென்று தாக்க வழியில்லை. ஷ்மர்லர் தம் கல்லை ஓரத்தில் கிடந்த மற்றொரு கல்லின் மீது மோதவிட்டார். மோதிய கல் உள்நோக்கித் திரும்பி, நடுக்கல்லை வெளியேற்றித் தானும் அங்கே நின்றது. மூன்று புள்ளிகள். ஆட்டம் 9–6 என முடிந்தது. கர்லிங் வரலாற்றின் மிகச் சிறந்த வீச்சுகளுள் ஒன்றாக இதை இன்றும் எண்ணுவர். அவ்வாறு எண்ணும்போது ஷ்மர்லரின் பெயரை மட்டுமே சொல்வர். மறுமுனையில் குறிகாட்டி நின்ற பெட்கரை அந்த வாக்கியத்தில் எங்கே வைப்பது?

பெண்களுக்கான கர்லிங் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது 1998 நாகானோவில்தான். கருயிசாவா அரங்கில் நடந்த அரையிறுதியில் பிரிட்டனைக் கூடுதல் சுற்றில் 6–5 எனக் கடந்து, இறுதியில் டென்மார்க்கை 7–5 என வென்று இவ்வணி முதல் தங்கம் பெற்றது. இங்கே வேறொரு பதிவுமுறை குறுக்கிடுகிறது. ஒலிம்பிக் ஏட்டில் ஐவர் பெயர்களும் உள்ளன; மாற்று ஆட்டக்காரர் அட்டினா ஃபோர்டின் பெயர் உட்பட. கர்லிங் ஏடுகளோ வழக்கம்போல் ‘ஷ்மர்லர்’ என்றே எழுதின. இரு ஏடுகளும் பொய் சொல்லவில்லை. எனினும் பிற்கால ஆய்வாளர் எதைக் கையிலெடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் எழுதும் வரலாறு அமையும்.

1999-இல் இரண்டாம் குழந்தை பிறந்து சில மாதங்களுக்குள் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2000 பிப்ரவரியில் மாங்டன் நகரில் நடந்த இளையோர் தேசியப் போட்டிக்குத் தொலைக்காட்சி வருணனையாளராக வந்தபோது தம் நோயைப் பற்றிப் பொதுவெளியில் பேசினார். மார்ச் 2 அன்று, 36 வயதில் மறைந்தார். அப்போது சஸ்கடூனில் ஆண்களுக்கான தேசியப் போட்டியான பிரையர் தொடங்கவிருந்தது. இறுதிச் சடங்கு நாடெங்கும் நேரலையாக ஒளிபரப்பானது. பிரையர் ஆட்டத்தைத் தள்ளிவைத்து, அரங்கின் திரையிலும் அதைக் காட்டினர். ஒரு விளையாட்டு வீரருக்குக் கனடாவில் அரிதாகவே கிடைத்த மரியாதை. 2001-இல் அவர் பெயரால் தொடங்கிய அறக்கட்டளை, குறைமாதத்திலும் நோயுற்றும் பிறக்கும் சிசுக்களுக்காக மருத்துவமனைகளுக்கு உயிர்காக்கும் கருவிகள் வாங்கித் தருகிறது.

2007 தேசியப் போட்டியின் ஏட்டைப் புரட்டினால் சஸ்காட்சுவான் அணி ‘பெட்கர்’ என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. அவ்வணியில் முதல் கற்களைச் செலுத்தியவர் மார்சியா குடரைட்.