அமைதியான நாய் எது? பக், கிரேஹவுண்ட் - ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

நாய் வளர்க்க ஆசைப்படும் எல்லோருக்கும் காலையும் மாலையும் அதனுடன் ஓடியாட நேரம் இருப்பதில்லை. அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள், வயதானவர்கள், நிதானமாக வாழ விரும்புபவர்கள் எல்லாம் தேடுவது அதிகம் துள்ளாத நாயைத்தான். அவர்கள் மனதில் முதலில் வருவது பக் போன்ற சின்ன நாய்கள். உலகிலேயே வேகமாக ஓடும் நாயான கிரேஹவுண்டை யாரும் நினைப்பதில்லை. ஆனால் இந்த இரண்டு இனங்களின் வரலாற்றைப் படித்தால் இந்த எண்ணம் தலைகீழாக மாறிவிடும். இரண்டுமே சோபாவில் படுத்துக் கிடக்கும் நாய்கள்தான். ஏன் படுத்துக் கிடக்கின்றன என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வேலையும் சுறுசுறுப்பும்

பெரும்பாலான நாய் இனங்கள் ஏதோ ஒரு வேலைக்காக உருவாக்கப்பட்டவை. பார்டர் கோலி நாள் முழுவதும் ஆட்டு மந்தையைச் சுற்றி ஓடுவதற்காக வளர்க்கப்பட்டது. அதனால் வேலை இல்லாமல் அதனால் இருக்க முடியாது. ஒரு நாய் எவ்வளவு சுறுசுறுப்பானது என்பது அதன் உருவ அளவைப் பொறுத்தது அல்ல. அதன் முன்னோர்கள் எப்படிப்பட்ட வேலையை, எவ்வளவு நேரம் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

அரண்மனையில் இருந்து வந்த நாய்

பக் நாயின் வேலை மனிதர்களுக்குத் துணையாக இருப்பது மட்டுமே. சீன அரண்மனைகளில் குட்டை முகம் கொண்ட சின்ன நாய்கள் செல்லப் பிராணிகளாக வளர்க்கப்பட்டன. கடல் வணிகம் வளர்ந்தபோது டச்சுக்காரர்கள் மூலமாக இவை ஐரோப்பாவை அடைந்தன. நெதர்லாந்தின் ஆரஞ்சு அரச குடும்பம் பக் நாய்களை மிகவும் விரும்பியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் 1688ம் ஆண்டு படையுடன் இங்கிலாந்தில் இறங்கி, 1689ல் மனைவி மேரியுடன் சேர்ந்து முடிசூடினார். அவர்களுடைய காலத்தில் இங்கிலாந்திலும் பக் நாய் வைத்திருப்பது ஒரு நாகரிகமாக ஆனது.

அந்தக் காலத்து பக் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745ல் முடித்த தன்னுடைய உருவ ஓவியத்தில், தான் வளர்த்த ட்ரம்ப் என்ற பக் நாயையும் வரைந்திருக்கிறார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தைப் பார்ப்பவர்களுக்கு அது பக் நாய்தானா என்று சந்தேகமே வரும். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இருக்கிறது. இன்றைய பக் நாய்க்கு முகம் கிட்டத்தட்ட தட்டையாகவே இருக்கிறது.

குட்டையாகிப் போன மூக்கு

இந்த மாற்றம் 19ம் நூற்றாண்டில் வேகம் பிடித்தது. 1860ல் இரண்டாம் அபினிப் போரின்போது பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீஜிங் அருகே இருந்த கோடைக்கால அரண்மனையைச் சூறையாடின. அங்கிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பெகினீஸ் நாய் விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. கொள்ளையில் கிடைத்தது என்பதால் அதற்கு 'லூட்டி' என்றே பெயர் வைத்தார்கள்! அதே காலகட்டத்தில் சீனாவில் இருந்து வந்த பக் நாய்களும் இங்கிலாந்து பக் நாய்களுடன் கலந்தன.

அடுத்து வந்தது நாய்க் கண்காட்சிகளின் காலம். 1873ல் பிரிட்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் எழுதப்பட்டது. நாய் என்ன வேலை செய்கிறது என்பது போய், எப்படித் தோன்றுகிறது என்பதே முக்கியமானது. தலைமுறை தலைமுறையாக மூக்கு குறுகிக்கொண்டே வந்தது.

இங்கேதான் பிரச்சனை. மண்டையோட்டின் எலும்பு குறுகினாலும் உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறுகவில்லை. மேல் அண்ணத்தின் பின்பகுதிச் சதை மூச்சுப் பாதையை அடைக்கிறது. நாசித் துவாரங்களும் சுருங்கி இருக்கின்றன. சிறிது தூரம் நடந்தாலே நாய்க்கு மூச்சு வாங்குகிறது, உடனே படுத்துவிடுகிறது. நாய்கள் உடல் சூட்டைத் தணிப்பது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலம்தான். மூச்சுப் பாதை அடைபட்ட நாயால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. அதனால் வெயில் காலம் அதற்கு உயிர் ஆபத்தான காலம்.

இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022ல் வெளியிட்ட ஆய்வின்படி, குட்டை முக நாய்களுக்கு வரும் இந்த மூச்சுக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட பக் நாய்களுக்குச் சுமார் 54 மடங்கு அதிகம். அதே கல்லூரியின் 2012ம் ஆண்டு ஆய்வு இன்னும் வருத்தமானது. இந்தக் கோளாறு உள்ள நாய்களை வளர்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சனையே இல்லை என்று சொன்னார்கள். குறட்டையும் மூச்சிரைப்பும் இந்த இனத்தின் இயல்பு என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். நோயைப் பார்த்து 'அமைதி' என்று நினைத்துக்கொள்கிறோம் என்பதுதான் இதன் பொருள்.

ஒரு காலத்தில் பக் நாயைக் கொண்டாடிய நெதர்லாந்தே 2019ல் விதிகளைக் கடுமையாக்கியது. மூக்குப் பகுதியின் நீளம் மண்டையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது.

இந்தியாவில் நடந்தது வேறு. 2003ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். அதன் பிறகு நம் ஊர்களில் 'ஹட்ச் நாய்' வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்கள் பெருகினார்கள். சென்னை, மதுரை வெயிலில் அந்த நாய் எப்படி மூச்சு விடும் என்று நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

ஓடுவதற்குப் பிறந்து உறங்கும் நாய்

கிரேஹவுண்டின் கதை இதற்கு நேர் எதிரானது. இது கண்ணால் இரையைப் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் அந்த ஓட்டம் குறுகிய நேரம்தான். பார்டர் கோலி போல நாள் முழுவதும் உழைக்கும் உடல் அதற்கு இல்லை. வேகமாகப் பாய்ந்துவிட்டு மற்ற நேரம் முழுவதும் ஓய்வெடுப்பதே அதன் இயல்பு.

1926ல் மான்செஸ்டரின் பெல் வூ மைதானத்தில் இயந்திர முயலைத் துரத்தும் கிரேஹவுண்ட் பந்தயம் பிரிட்டனில் தொடங்கியது. பந்தயம் அரை நிமிட அளவிலேயே முடிந்துவிடும். பல நாய்கள் ஐந்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும். ஆனால் அவை பத்து வயதுக்கு மேலும் வாழக்கூடியவை. ஓய்வு பெற்ற நாய்களுக்கு வீடு தேடித் தர அமைப்புகள் உருவான பிறகுதான், அவை எவ்வளவு சாதுவானவை என்று பலருக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாநில மக்கள் 2018ல் வாக்களித்து இந்தப் பந்தயத்தைத் தடை செய்தார்கள். 2020 இறுதிக்குள் அங்கே பந்தயங்கள் நின்றன. தடகளத்தில் ஓடிய நாய்கள் வீடுகளுக்குள் வந்து மெத்தையில் படுத்து உறங்கின. தினமும் ஓரளவு நடை, அவ்வப்போது வேலி போட்ட இடத்தில் ஒரு ஓட்டம், அவ்வளவுதான் அவை கேட்டவை.

முடிவுரை

பக் படுத்திருப்பதும் கிரேஹவுண்ட் படுத்திருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்றில் பல நேரங்களில் மூச்சுக்கான போராட்டம் ஒளிந்திருக்கிறது. மற்றொன்றில் இருப்பது உண்மையான ஓய்வு. எனவே அமைதியான நாயைத் தேடுபவர்கள் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நாயைச் சிறிது தூரம் நடக்க வைத்து, அது எப்படி மூச்சு விடுகிறது என்று கவனிக்க வேண்டும். எந்த இனத்துக் குட்டியும் துறுதுறுவென்றுதான் இருக்கும் என்பதால், குணம் தெரிந்த வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது இன்னும் நல்லது. அது எந்த இனமும் இல்லாத சாதாரணத் தெரு நாயாகவும் இருக்கலாம். மனிதனின் ரசனைக்காக ஒரு உயிரின் மூக்கைக் குறுக்க 200 ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை. மனிதனின் ரசனை மாறினால் அந்த மூக்கு மீண்டும் நீளவும் வழி உண்டு.