கரிசலில் களிகூர்தல்: வடதிருநெல்வேலிச் சபைகளில் துன்பமும் சந்தோஷமும்

தமிழ் விவிலியத்தில் மகிழ்ச்சிக்கு ஒரே சொல் இல்லை. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பில் சந்தோஷம் என்ற வடசொல்லும் களிகூர்தல் என்ற பழந்தமிழ்ச் சொல்லும் அருகருகே வருகின்றன. முன்னது மனத்துக்குள் தங்குவது, பின்னது பொங்கி வெளியே தெரிவது என்று பிரித்துப் பார்க்கலாம். பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் சந்தோஷம் திரும்பத் திரும்ப வருவதால், துன்பத்தில் மகிழ்வது என்ற கருத்து கிறிஸ்தவத்தின் ஓரத்தில் அல்ல, நடுவிலேயே இருக்கிறது. அது திருநெல்வேலியின் தேரிக்காட்டில் வேர்பிடித்து, வடக்கே கரிசல் காட்டுக்கு நகர்ந்து, அங்கே என்னென்ன வடிவம் எடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் வட்டாரங்களை மிஷனெரிகள் வடதிருநெல்வேலி என்றே அழைத்தனர். 1910இல் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் இராமநாதபுரத்தோடு சேர்ந்தன. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று.

தொடக்கம் தெற்கே. 1778இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்ற விதவை பாளையங்கோட்டையில் கோயில் கட்டினார். 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியால் முதலூர் உருவானது. ஊரைவிட்டு விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு அது அடைக்கலமாக இருந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் இந்த வழியை விரிவாக்கினார். நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கம் ஒன்றையும் ஏற்படுத்தினார். மெய்ஞ்ஞானபுரம், கடாட்சபுரம், சுவிசேஷபுரம், சமாதானபுரம் என்று இங்கு வைக்கப்பட்ட ஊர்ப்பெயர்களே ஓர் ஆவணம். வீடு எரிக்கப்பட்டவர்களும் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டவர்களும் சமாதானம் என்று ஊருக்குப் பெயரிடுவது வெறும் பக்திப் பேச்சல்ல. சந்தோஷத்துக்கு முதலில் ஒரு மனையும் ஒரு கிணறும் தேவைப்பட்டன என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. பின்னாளில் வந்த பிரசங்கங்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிட்டன.

வடக்கே கதை வேறு விதமாகத் தொடங்கியது. இங்கே ஊர்கள் அமையவில்லை, கூடாரங்கள் வந்தன. தாமஸ் கஜெத்தான் ராக்லண்டு 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்து, இளவயதிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோ பதவி வகித்தவர். சர்ச் மிஷனெரி சங்கத்தின் சென்னைச் செயலாளராக மேசை வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், 1854இல் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு கரிசல் நாட்டில் இறங்கினார். பங்களா கட்டவில்லை. ஓர் ஊரின் புறத்தே கூடாரமடித்து, சுற்றியுள்ள ஊர்களுக்கு நடந்தும் குதிரையிலும் போய்விட்டு, அடுத்த ஊருக்குப் பெயர்வதே முறை. பாளையங்கோட்டைப் பக்கத்தில் பிறந்த சத்தியநாதனும் இந்தப் பணியில் சேர்ந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஆய்வாளர் கவனம் அதிகம் படாத ஓர் அம்சம் உண்டு. தெற்கிலிருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதத்துக்குச் சிலராக முறைவைத்து, சொந்தச் செலவில் வடக்கே அனுப்பின. பனையேறிப் பிழைத்த மக்களின் காணிக்கை அது. ஒரு தலைமுறைக்கு முன் அடிபட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள் இப்போது அனுப்புகிறவர்களாக ஆனார்கள். பெற்றதைவிடக் கொடுத்ததில் வந்த மகிழ்ச்சி எத்தகையது என்பதை அறிய இதைவிட நல்ல சான்று இந்த வட்டாரத்தில் இல்லை. 1903இல் பாளையங்கோட்டையில் அசரியா முதலானோர் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது இதே பழக்கத்தின் தொடர்ச்சி.

பலன் என்று கணக்குக் காட்ட ராக்லண்டிடம் அதிகமில்லை. கரிசல் ஊர்கள் கேட்டன, ஆனால் அசையவில்லை. காச நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. விதை மண்ணில் விழுந்து மடிந்தால்தான் பலன் தரும் என்ற யோவான் நற்செய்தியின் உவமையையே அவர் தம் பணிக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில், நுரையீரலிலிருந்து இரத்தம் பெருக்கெடுத்து, நாற்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். மானாவாரிக் காட்டில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் சம்சாரிக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிவகாசியை அடுத்து எழுந்த மிஷன் ஊரின் பெயர் சாட்சியாபுரம்.

அதே 1858இல் சென்னையில் நடந்த ஒரு ஞானஸ்நானம் துன்பத்தினூடே வரும் இந்த மகிழ்ச்சிக்கு இலக்கிய மொழியைத் தந்தது. கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை அந்த ஆண்டு கிறிஸ்தவரானார். அவர் இறந்தேவிட்டதுபோல் உறவினர் துக்கப்பட்டனர். அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. அதற்கு மூலம் ஜான் பனியனின் பயணக் கதை. பனியன் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர். அந்தச் சிறைவாசியின் கதையைக் கிருஷ்ண பிள்ளை கம்பனின் நடையில் காப்பியமாக்கி, இடையிடையே தேவாரப் பாங்கில் மனமுருகும் பதிகங்களையும் வைத்தார். கதையைவிட இப்பதிகங்களே நெஞ்சில் தங்குகின்றன. அழுகையும் களிப்பும் ஒரே வாயிலிருந்து வரலாம் என்பதை நாயன்மார்களும் ஆழ்வார்களும் ஏற்கெனவே தமிழுக்குப் பழக்கியிருந்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போட்ட கீர்த்தனைப் பாதையும் உடனிருந்தது. ஐரோப்பிய மெட்டில் பாடிய ஞானப்பாட்டுகள் கோயிலுக்குள் ஒலித்தன. கீர்த்தனை வீட்டுத் திண்ணைக்கும் துக்க வீட்டுக்கும் வந்தது.

1876–78 தாது வருஷப் பஞ்சம் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பியது. திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளை நாடி வந்தனர். பிஷப் கால்டுவெல் காலத்து அறிக்கைகள் இதைப் பெருமையோடு குறித்தன. கஞ்சிக்காக வந்தவர்கள் என்ற ஏச்சும் உடனே எழுந்தது. பசித்தவன் சோறு கொடுத்த கையை நம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சபைக்கு வந்தவர் தொகையை மட்டும் வைத்து ஆன்மிக எழுச்சி என்று எழுதியது அவசரம். பஞ்சம் தீர்ந்தபின் எத்தனை குடும்பங்கள் தங்கின என்பதில்தான் அந்த எழுச்சியின் ஆயுள் தெரியும்.

துன்பத்துக்கு இந்த மண்ணில் எழுந்த விடை கிறிஸ்தவம் மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1899 ஜூன் மாதம் சாதிக் கலவரத்தில் சிவகாசி சூறையாடப்பட்டபோது அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்து நாடார்கள். உறவின்முறை என்ற சமூக அமைப்பும் மகமையும் பள்ளிக்கூடமுமே அவர்களைத் தூக்கி நிறுத்தின. 1910இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமையும், கிறிஸ்தவ வீட்டில் எடுத்து வைத்த பிடியரிசியும் உடன்பிறப்புகள் போலத் தோன்றுகின்றன.

பிடியரிசி என்பது இதுதான். உலை கொதிக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அந்த வீட்டுப் பெண் தனிக் கலயத்தில் போடுவாள். வாரம் முடிந்தால் அது கோயிலுக்குப் போகும். கம்பும் சோளமும் பொங்கிய வீட்டில் அதுவே போனது. முதல் காய்ப்பு முருங்கை, முட்டை, சேவல் எல்லாம் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம் போகும். நாலு முட்டைக்குப் போட்டி போட்டு விலையேற்றி வாங்கியவர், அதையே திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. பற்றாக்குறையின் நடுவே சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கும் அந்த அரைமணி நேரம் பிரசங்கம் செய்யாத வேலையைச் செய்கிறது. ஸ்தோத்திரப் பண்டிகை, ஒரே பந்தியில் உட்காரவைக்கும் அசனம் ஆகியவை இதன் பெரிய வடிவங்கள். ஆனால் சாதி பார்த்துப் பந்தி பிரித்த காலத்தில் அந்த அசனம் எல்லாச் சபைகளிலும் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தது என்று சொல்ல முடியாது.

துன்பத்தில் மகிழ்வது என்ற சிந்தனையை இருபதாம் நூற்றாண்டில் எழுத்தில் ஆழப்படுத்தியவர் தோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் (1867–1951). ராக்லண்டின் வரலாற்றை 1922இல் எழுதியவரும் அவரே. 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்ட பின், இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறைக்குள்ளேயே கிடந்தார். நோயாளிகளுக்கு நலமானவர்கள் எழுதும் ஆறுதல் புத்தகங்கள் எரிச்சலூட்டுவதைக் கண்டு, நோயாளியே நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலை 1933இல் வெளியிட்டார். வலி இல்லை என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. அந்த நேர்மைதான் அவர் எழுத்தை இன்றும் வாசிக்க வைக்கிறது.

நூற்றாண்டின் பிற்பாதியில் திசை மாறியது. சுரண்டையில் பிறந்த டி.ஜி.எஸ். தினகரன் போன்றோரின் பெருங்கூட்டங்களில் சந்தோஷம் என்பது விடுதலையின், சுகத்தின் மறுபெயராயிற்று. கேசட்டு வழியாக வந்த பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் எல்லாச் சபைச் சுவர்களையும் தாண்டின. துன்பத்தைத் தாங்கும் மகிழ்ச்சியின் இடத்தில் துன்பத்தை நீக்கும் மகிழ்ச்சி வந்து அமர்ந்தது. கேட்க வந்த ஏழைக்கு இரண்டும் வேண்டியிருந்தன. ஆனால் இரண்டாவது நடக்காதபோது குற்றம் அவரது விசுவாசக் குறைவின்மேல் விழுந்தது. இந்தப் போக்கின் பலவீனம் அதுவே.

சிவகாசி வட்டாரத்தில் துன்பத்தைத் தாங்குவதா, நீக்குவதா என்ற கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. மழை பொய்த்த மண்ணில் அவை சோறு போட்டன. மணிமருந்து உராய்ந்தால் உயிரையும் எடுத்தன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்படிப்பட்ட சாவு விழுந்த கிறிஸ்தவ வீட்டில், உடல் மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முன்பே சபையார் பாயை விரித்துப் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒப்பாரியும் கீர்த்தனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கேட்கும். யாரும் யாரையும் அடக்குவதில்லை. சில நாள் கழித்து அதே வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் நடக்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். பட்டாசுப் பெட்டியின் மேலட்டை அச்சாகும் இதே ஊர்களில், தினசரி காலண்டரைப் போலவே அந்த அட்டையும் அச்சாகிறது. எடுத்த அட்டை, போன வருஷம் போனவரின் படத்துச் சட்டத்தில் செருகப்படுகிறது.