கல் உப்பும் கழுத்துக் கழலையும்

கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "கடல் உப்பிலேயே அயோடின் இருக்குமே" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கடல் நீரில் இருப்பதே சொற்பம்; பாத்தியில் விளையும் உப்பில் அதுவும் தங்குவதில்லை. அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. கழுத்தில் கழலை வரும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும்.

டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் அரசுத் திட்டம் வந்தது. மலைநாட்டு நோய் என்று நினைத்தது, பிறகு சமவெளியிலும் கடலோரத்திலும் தென்பட்டது. அயோடின் கலக்காத சாப்பாட்டு உப்பை விற்க இருந்த தடையை 2000-ல் நீக்கி, 2006-ல் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

கல் உப்பு பிடித்தால் தாராளமாக வாங்குங்கள். பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் கட்டாயம் பாருங்கள்.