விறைப்பு ஊசி மருந்துத் தட்டுப்பாடு: கல்முனைக் கரையோரம்

விறைப்பு ஊசி என்பது நோயாளியை உறங்க வைக்காமல் உடலின் ஓர் இடத்தை மட்டும் உணர்விழக்கச் செய்யும் மருந்து. பல் பிடுங்க, காயத்துக்குத் தையல் போட, கட்டியைக் கீறிச் சீழ் எடுக்க, சிறுவர்களுக்குக் கத்னா (விருத்தசேதனம்) செய்ய இதுவே வேண்டும். இவற்றுக்கு இலங்கையில் பெரிதும் பாவிக்கப்படுவது லிக்னொகெயின். 1943இல் சுவீடனில் உருவாகி 1948இல் சந்தைக்கு வந்தது. சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் ஏற்றுவது பெரும்பாலும் புபிவகெயின். இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, காப்புரிமை எப்போதோ முடிந்தவை, மலிவானவை. இவற்றுக்குத் தட்டுப்பாடு வருவதற்கு அந்த மலிவும் ஒரு காரணம். கிருமியற்ற ஊசி மருந்து தயாரிக்கத் தனி ஆலைப் பகுதியும் கடும் சோதனைகளும் தேவை, இலாபமோ சொற்பம். அதனால் தயாரிப்பாளர்கள் சிலரே. ஒருவர் நிறுத்தினால் மற்றவர்களால் ஈடுகட்ட முடிவதில்லை. பணத்துக்குக் குறைவில்லாத அமெரிக்காவிலேயே இம்மருந்துகளுக்குப் பலமுறை தட்டுப்பாடு வந்திருக்கிறது.

இலங்கையில் இந்தப் பலவீனத்தோடு டொலர் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. நாட்டுக்கு வேண்டிய மருந்தில் 80 வீதத்துக்கும் மேல் இறக்குமதியாகவே இருந்தது. 2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. ஏப்ரலில் அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தது. ஜூன் 27 முதல் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றானபோது, கல்முனையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கான சுமார் 40 கிலோமீற்றர் வழியும் நோயாளிக்குத் தொலைதூரமானது.

இப்படித் தட்டுப்பாடு வரும்போது நோயாளியின் முதல் எண்ணம், வெளியே தேடி ஒரு குப்பி வாங்கி வருவது. வாட்டிலேயே துண்டு எழுதிக் கொடுத்து வாங்கிவரச் சொல்லும்போது வேறென்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. துண்டோடு பதிவுபெற்ற பாமசிக்குப் போய், காலாவதித் திகதி பார்த்து, பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டால் அதில் தவறில்லை. கட்டாரிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பித்து வைப்பதுதான் வேறு கதை. லிக்னொகெயின் தனியாகவும் வரும், இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்தும் வரும். கத்னாவுக்குக் கலப்பில்லாததையே வழமையாக எடுப்பர். பல்லுக்குக் கலந்ததை எடுப்பர். கலந்தது வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். அளவும் நுட்பமானது: கலப்பில்லாத மருந்துக்கு உச்சம் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 4.5 மில்லிகிராம். 20 கிலோ சிறுவனுக்கு 90 மில்லிகிராம், அதாவது 2 வீதக் கரைசலில் நாலரை மில்லிலீற்றர்தான். அதை மீறினால் வலிப்பும் இதயத் தாளக் கோளாறும் வரலாம். ஆக, மருந்தே இல்லாத நாளைவிட, கிடைத்ததைக் கிடைத்த கையால் ஏற்றும் நாளே ஆபத்தானது. 2023இல் புபிவகெயினின் தரத்தைப் பற்றியே நாட்டில் கேள்வி எழுந்து, பாவனையிலிருந்து மீளப் பெற வேண்டி வந்ததையும் இங்கே நினைக்கலாம்.

பயனுள்ளது, சிகிச்சைத் திகதிக்கு முன்பே வைத்தியசாலையில் கேட்பது: மருந்து இருக்கிறதா, இல்லையேல் பதிலாக எது, எத்தனை நாள் தள்ளலாம். பல்லுக்கு ஆர்ட்டிகெயின், மெபிவகெயின், பிரிலொகெயின் போன்ற மாற்றுகள் உண்டு. கர்ப்பம், இதயநோய், பழைய ஒவ்வாமை எதையும் மறைக்காமல் சொன்னால்தான் வைத்தியரால் தெரிவு செய்ய முடியும். பாடசாலை விடுமுறையில் கத்னா செய்வதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளலாம்; மார்க்கத்திலும் அதற்கென்று ஒரு குறித்த நாள் கட்டாயமில்லை. இங்கே கரையோரத்துக்கு ஓர் அனுகூலமும் உண்டு. கல்முனை நகரில் மட்டும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. தெற்கே நிந்தவூர், அக்கரைப்பற்று, தென்மேற்கே சம்மாந்துறை ஆகிய இடங்களிலும் வைத்தியசாலைகள் உண்டு. ஒரே ஊருக்கு இரண்டு எதற்கு என்ற குறை பழையது, ஒன்று தமிழருடையது மற்றது முஸ்லிம்களுடையது என்ற மனக்கணக்கும் பழையது. தட்டுப்பாட்டு நாளில் அந்தக் கணக்கைப் பார்ப்பவர்தான் நஷ்டப்படுகிறார். ஒன்றில் தீர்ந்த மருந்து மற்றதில் இருக்கக்கூடும். மாற்றுக் கடிதம் கேட்பதில் வெட்கமில்லை. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். 2022இல் பல மருந்துகளுக்கு அதுவே நடந்தது, உண்மைதான். ஆனால் தொடக்க வாரங்களில் கையிருப்பு எங்கும் ஒரே சீராகக் குறைவதில்லை.

தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு. பல்வலிக்கு அன்டிபயோட்டிக்கும் வலிநிவாரணியும் தவணைதான், குணமல்ல. தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமை, மூச்சுத் திணறல் இருந்தால் விறைப்பு ஊசி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வீட்டில் நிற்கக்கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும். அங்கே முழு மயக்கம் உட்பட வேறு வழிகளை வைத்தியர்கள் பார்ப்பார்கள்.