கிட்டப்பாவுக்கு ஒரு ஊசி
தாத்தாவின் பழைய டர்ன்டேபிளைப் பிரித்தேன். ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் கல்லாகியிருந்தது. மாற்றியதும் தட்டு 78 வேகத்தில் சீராகச் சுழன்றது. அவர் வைத்திருந்த எஸ்.ஜி. கிட்டப்பா இசைத்தட்டைப் போட்டால் வெறும் இரைச்சல்.

"தட்டு போச்சுடா," என்றார் அப்பா.

போகவில்லை. 1948-இல் எல்பி வந்தபோது பள்ளம் குறுகியது, ஊசிமுனையும் சிறுத்தது. அரக்குத் தட்டுக்கு அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு முனை வேண்டும். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் பாடும்.

ஊசியை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன், கூடவே 78-க்கான ஊசியும். கிட்டப்பா 1933-லேயே இறந்துவிட்டார்; எல்பிக்காக அவர் பாடியதே இல்லை.

ஊசி இறங்கியது. அந்தக் குரல் வந்ததும் அப்பா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.